வாரிசுச் சான்றிதழில் இடமில்லாதவருக்கு வெள்ள நிவாரணத்தில் உரிமை உண்டா?

கேள்வி: நானும் என் இணையரும் (இருவரும் பெண்கள்) ஒன்பது ஆண்டுகளாகத் தென்சென்னையில் ஒரே வாடகை வீட்டில் குடும்பமாக வாழ்ந்தோம். கடந்த பருவமழையின்போது, வேலை முடிந்து திரும்பும் வழியில், வெள்ளத்தில் மறைந்திருந்த மூடப்படாத வடிகாலில் விழுந்து அவர் இறந்துவிட்டார். வாடகையும் வீட்டுச் செலவும் பெரும்பாலும் அவருடைய சம்பளத்தில்தான் நடந்தன. நான் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துச் சிறிது சம்பாதிக்கிறேன். விசாரணைக்கு வந்த வருவாய்த் துறையினர் என்னை ‘உடன் தங்கியிருந்த தோழி’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். தென் மாவட்டத்தில் இருக்கும் அவருடைய பெற்றோர் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அவருடைய எல்.ஐ.சி. பாலிசியில் நியமனதாரர் நான். வருங்கால வைப்பு நிதியில் அவருடைய தாயார். உயில் எதுவும் இல்லை. அரசு நிவாரணத்திலும் மற்றத் தொகைகளிலும் எனக்கு ஏதேனும் உரிமை உண்டா? எங்கள் உறவை அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வேறு தொல்லைகள் வருமா? — வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் முதலில் எழுதித் தர வேண்டிய மனு ஒன்று இருக்கிறது. அதைக் காலம் தாழ்த்தினால் பிறகு பேச இடமிருக்காது என்பதால், ஆறுதல் சொற்களைக் குறைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய இந்தியச் சட்டத்தில் நீங்கள் உங்கள் இணையரின் வாரிசு அல்ல. அவர் இந்துவாக இருந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத, பிள்ளைகளும் இல்லாத பெண்ணின் சொத்து அவருடைய தாய் தந்தையருக்குப் போகும். தன்பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கோரிய சுப்ரியோ வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமையல்ல என்றனர்; திருமணத்துக்கு வெளியே ஒரு சட்டப்பூர்வ இணைவையாவது ஏற்க வேண்டும் என்ற கருத்தும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆகவே வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி கேட்பது வீண் முயற்சி. பெற்றோரின் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை தெரிவிப்பதும் வேண்டாம். அவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆட்சேபணை செய்தால் நாளைக்கு அவர்களோடு பேச வேண்டிய வாசலை நீங்களே அடைத்தவராவீர்கள்.

ஆனால் பேரிடரில் இறந்தவருக்காக அரசு தரும் பணம் அவருடைய சொத்து அல்ல. அது அவர் உயிரோடிருந்தபோது அவர் கையில் இருந்த பணமன்று; அவர் இறந்ததனால், அவரை இழந்து நிற்பவர்களுக்காகப் புதிதாகப் பிறக்கும் தொகை. உயில் எழுதி வைத்திருந்தாலும் அது உயில் வழியாக உங்களுக்கு வந்திருக்காது. அதே காரணத்தால், வாரிசுரிமைச் சட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதை யாருக்குத் தருவது என்று முடிவு செய்வதும் சரியன்று. வருவாய்த் துறை வாரிசுச் சான்றிதழைக் கேட்பது நடைமுறை வசதிக்காக. பணத்தை யாரிடம் கொடுத்தால் பின்னால் தணிக்கையில் கேள்வி வராதோ அவரிடம் கொடுப்பது அலுவலகத்தின் இயல்பு. உங்களைத் தோழி என்று எழுதிக்கொண்டவரையும் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்த சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கோப்பில் அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட விடக்கூடாது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் விதிமுறைப்படி, பேரிடரில் உயிரிழந்த ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் கருணைத்தொகை வழங்கப்படுகிறது. இறப்பின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். மாநில அரசு தன் பங்காக இதை உயர்த்தித் தருவதும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு இதை 5 லட்சமாக உயர்த்தியது. இந்த நிவாரணத்துக்கு அடிப்படையாக இருப்பது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 61ஆவது பிரிவு உங்கள் வழக்கின் அச்சாணி. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் அடிப்படையில் எந்தப் பாகுபாடும் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பில் பாலினப் பாகுபாடு என்று வருவது பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாகுபாட்டையும் உள்ளடக்கும் என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பில் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒன்பது ஆண்டு ஒரே வீட்டில் ஒருவரைச் சார்ந்து வாழ்ந்த பெண்ணை, அவர் சார்ந்திருந்ததும் ஒரு பெண்ணை என்பதற்காகவே விசாரணையிலிருந்து விலக்க முடியாது என்று வாதிடலாம். இந்தக் குறிப்பிட்ட வாதத்தை நீதிமன்றம் ஏற்றே தீரும் என்று நான் உறுதி கூற மாட்டேன்; ஆனால் வலுவான வாதம்.

நீங்கள் ‘மனைவி’ என்ற தகுதியைக் கோர வேண்டாம் என்பது என் திட்டவட்டமான யோசனை. அதைக் கோரினால் சுப்ரியோ தீர்ப்பை எடுத்து நீட்டி ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். நீங்கள் கோர வேண்டியது சார்ந்திருந்தவர், ஒரே குடும்பத்தில் உடன் வாழ்ந்தவர் என்ற தகுதியை. இதற்கு நம் நீதிமன்றங்களிலேயே நல்ல ஆதாரங்கள் உண்டு. வாகன விபத்து இழப்பீட்டில், இறந்தவரின் வாரிசாக இல்லாத சகோதரரும் இழப்பீடு கேட்கலாம் என்று 1987இல் குஜராத் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தியக் குடும்பங்களில் சகோதரரும் அவர்களுடைய பிள்ளைகளும், சில வேளை வளர்ப்புப் பிள்ளைகளும்கூட, சம்பாதிக்கும் ஒருவரை நம்பி ஒரே கூரையின் கீழ் வாழ்வதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். 2021இல் என்.ஜெயஸ்ரீ வழக்கில், மருமகனோடு வசித்து அவரைச் சார்ந்திருந்த மாமியார், வாரிசாக இல்லாவிட்டாலும் சட்டப் பிரதிநிதியாக இழப்பீடு பெறலாம் என்று தீர்ப்பாயிற்று. உங்கள் இணையர் இறந்தது வாகன விபத்தில் அல்ல என்பதால் இவை உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தா. ஆனால் இழப்பீடு என்பது இரத்த உறவைத் தேடிப் போவதற்கு முன் இழப்பைத் தேடிப் போக வேண்டும் என்ற அவற்றின் காரணம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். குடும்ப உறவு என்பது மணமாகாத இணைவாகவும் தன்பாலின உறவாகவும் அமையலாம், வழக்கமான அமைப்பில் இல்லை என்பதற்காக அவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் தீபிகா சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மகப்பேறு விடுப்பு தொடர்பான வழக்குதான். இருந்தாலும் மேற்கோள் காட்டத் தக்கது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது சட்டத்துக்குப் புதிதல்ல என்றும் கூறியது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது.

அரசே எடுத்த சில முடிவுகளையும் மனுவில் சேருங்கள். சுப்ரியோ தீர்ப்புக்குப் பிறகு அமைச்சரவைச் செயலர் தலைமையில் அமைந்த குழுவின் தொடர்ச்சியாக, 2024 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மத்திய அரசு சில அறிவுறுத்தல்களை வெளியிட்டது. குடும்ப அட்டைக்குத் தன்பாலின இணையர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவோ இணையரை நியமனதாரராகக் குறிப்பிடவோ தடையில்லை என்பது இன்னொன்று. நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் இறந்தவரின் உடலை இணையர் கேட்டுப் பெறலாம் என்பதும் உண்டு. இவற்றில் குடும்ப அட்டையைப் பற்றியது சாதாரணமானதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் அது சாதாரணமன்று. மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடையில், டோக்கன் கொடுத்து, அட்டையைப் பார்த்துத்தான் வழங்கப்பட்டது. வெள்ளம் வடிந்த மறுவாரம் அரசின் கண்ணுக்கு ஒரு குடும்பம் தெரிவது அந்த அட்டையின் வழியாகத்தான். உங்கள் இருவர் பெயரும் ஒரே அட்டையில் இருந்தால் அதன் நகலை எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். இல்லாவிட்டாலும், ஒரே குடும்பம் என்ற கணக்கை உணவு தானியத்துக்கு ஏற்கும்படி சொல்லும் அரசு, உயிரிழப்பு நிவாரணத்துக்கு மட்டும் ஏன் ஏற்கக்கூடாது என்ற கேள்வி நிற்கும்.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் வெளிநாட்டு முன்னுதாரணங்கள் இரண்டைச் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய இழப்பீட்டு நிதிக்குப் பொறுப்பாளராக இருந்த வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க், தொகையை யாருக்குத் தருவது என்பதில் இறந்தவர் வாழ்ந்த மாநிலத்தின் சட்டத்தைப் பின்பற்றினார். அன்றைக்கு அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் தன்பாலினத் திருமணம் கிடையாது. ஆகவே இணையரின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. நியூயார்க் ஆளுநர் பட்டாக்கி அந்த அக்டோபரிலேயே, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மாநில உதவியைத் தன்பாலின இணையருக்கும் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்த மாநிலச் சட்டமன்றமும் அவர்களுக்குச் சாதகமாகச் சட்டம் இயற்றியது. வர்ஜீனியாவில் அப்படி இல்லை. பென்டகனில் இறந்த ஒரு பெண் ஊழியரோடு நெடுங்காலம் வாழ்ந்த இணையருக்கு அந்த மாநிலம் உதவியை மறுத்தது. ஆனால் அதே இணையருக்கு மத்திய நிதியிலிருந்து 5 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஒரே மரணம், ஒரே உறவு, இரண்டு அலுவலகங்கள், இரண்டு முடிவுகள். பெற்றோரும் இணையரும் உடன்பட்ட இடங்களில் ஃபைன்பெர்க்கின் வேலை எளிதாக முடிந்தது. சண்டையிட்ட இடங்களில் மாநிலச் சட்டமே வென்றது. இது உங்களுக்குச் சொல்லும் செய்தியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஜப்பான். அங்கும் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. 2014இல் கொலையுண்ட ஒருவரோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஆண், குற்றத்தால் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு தரும் உதவித்தொகையைக் கேட்டு வழக்காடினார். மணவாழ்க்கையைப் போன்ற நிலையில் வாழ்ந்தவரும் அதைப் பெறலாம் என்று சட்டத்தில் இருந்த தொடருக்குள் தன்பாலின இணையரும் அடங்கக்கூடும் என்று 2024 மார்ச் 26 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் கூறி, மறுத்த தீர்ப்பை நீக்கி வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அந்த நீதிபதிகள் திருமணத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யவில்லை. இந்தத் தொகை எதற்காகத் தரப்படுகிறது, இழந்தவரின் துயரையும் பணநெருக்கடியையும் தணிப்பதற்கா இல்லையா என்று மட்டும் பார்த்தார்கள். உங்கள் மனுவும் அந்த ஒரு கேள்வியை விட்டு விலகாமல் இருக்க வேண்டும்.

இனி மனு. வட்டாட்சியருக்கு முகவரியிட்டு, மாவட்ட ஆட்சியருக்கு நகல் வைத்து, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் நான்கு கோரிக்கைகள் போதும். விசாரணையில் உங்கள் வாக்குமூலத்தை மீண்டும் பதிவு செய்து, ‘தோழி’ என்ற குறிப்பைத் திருத்த வேண்டும். நீங்கள் சார்ந்திருந்தவர் என்பதைக் கருத்தில் கொண்டு கருணைத்தொகையில் ஒரு பங்கை உங்களுக்கு ஒதுக்க வேண்டும். முடிவெடுக்கும் வரை முழுத்தொகையையும் பட்டுவாடா செய்யக்கூடாது. மறுப்பதானால் காரணம் காட்டி எழுத்தில் ஆணை தர வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். காரணம் எழுதப்பட்ட ஆணை கையில் இருந்தால்தான் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட முடியும்; பதிலே வராமல் போனால், முடிவெடுக்கும்படி உத்தரவிடக் கேட்டும் போடலாம். பணம் பெற்றோரின் கணக்குக்குப் போன பிறகு அதைத் திருப்பி வாங்குவது வேறு வழக்கு. அதில் இறங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

இணைப்புகளில் இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். உறவைக் காட்டுவதற்கு வாடகை ஒப்பந்தம், இருவர் முகவரியும் ஒன்றாக இருக்கும் ஆதார் நகல்கள், அவர் கணக்கிலிருந்து மாதந்தோறும் உங்களுக்கோ வீட்டு உரிமையாளருக்கோ பணம் போன வங்கி அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகளில் உடன் வந்தவராக உங்கள் பெயர் இருக்கும் தாள்கள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கைப்பேசியில் கிடக்கும் காதல் செய்திகளைவிட, மூன்று ஆண்டுக்கு முன் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அவர் கையெழுத்தில் உங்கள் எண் இருக்கும் ஒரு காகிதம் அதிகாரியிடம் அதிகம் பேசும். வீட்டு உரிமையாளரோ பக்கத்து வீட்டாரோ உறுதிமொழிப் பத்திரம் தர முன்வந்தால் நல்லது. தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

கருணைத்தொகைக்கு அப்பால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவில்லை. வடிகால் மூடப்படாமல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையானால், இந்த மரணத்துக்கு மழை மட்டும் காரணமல்ல. கடமை தவறிய அமைப்பும் காரணம். பொது அமைப்புகளின் கவனக்குறைவால் உயிர் போகும்போது உயர் நீதிமன்றம் தன் ரிட் அதிகாரத்தில் இழப்பீடு வழங்கலாம். அரசின் தவறால் உயிர் பறிபோனால் பொதுச் சட்டத்தின் கீழேயே இழப்பீடு தரலாம் என்பதை 1993இல் நீலபதி பெஹெரா வழக்கு நிலைநாட்டிவிட்டது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் குறுக்கே வரும். அதன் பட்டியலில் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை ஆகியோர் மட்டுமே உண்டு, காலவரம்பும் இரண்டு ஆண்டுதான். ரிட் மனுவில் அப்படி மூடிய பட்டியல் கிடையாது. பெற்றோரும் நீங்களும் சேர்ந்து மனுதாரர்களாக நிற்கக்கூடிய இடமும் அதுதான். கருணைத்தொகையைவிடப் பெரிய தொகை கிடைக்கக்கூடியதும் அதில்தான்.

மற்றத் தொகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருங்கால வைப்பு நிதி தாயாருக்குப் போகும். அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்.ஐ.சி. தொகையை நிறுவனம் உங்களிடம்தான் தரும், ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை. நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது, பணத்துக்கு முழு உரிமையாளராகும் நியமனதாரர்களாகப் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோரைத்தான் சேர்த்தார்கள். உயிலும் இருந்திருந்தால் நீங்கள் உரிமையாளராகவே ஆகியிருப்பீர்கள். (இதைப் படிக்கும் மற்ற இணையர்கள் இன்றே ஆளுக்கொரு தாளில் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிவிடலாம்; பத்திரப்பதிவு கட்டாயமில்லை.) இப்போது பெற்றோர் கேட்டால் அந்தத் தொகையில் அவர்களுக்கு உரிமை உண்டு. வீட்டு முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதற்கு வங்கிப் பதிவே சாட்சி. தையல் இயந்திரம் உள்ளிட்ட உங்கள் பொருள்களுக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை.

இங்கேதான் ஃபைன்பெர்க்கின் அனுபவம் பயன்படுகிறது. காப்பீட்டுத் தொகை உங்கள் கையிலும் வாரிசுச் சான்றிதழ் அவர்கள் கையிலும் இருக்கும் நிலையில், இருதரப்புக்கும் பேச ஏதோ ஒன்று இருக்கிறது. அவருடைய தாயார் உங்களை எப்படி அழைத்துக்கொண்டிருந்தார், மகளோடு இருப்பவள் என்ற அளவிலாவது உங்களை ஏற்றிருந்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏற்றிருந்தால், கருணைத்தொகையில் ஒரு பங்கை உங்களுக்குத் தர ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதித் தரும் ஒரு கடிதம், நான் மேலே சொன்ன தீர்ப்புகள் அனைத்தையும்விட வட்டாட்சியரின் மேசையில் வேகமாக வேலை செய்யும். அவர்களும் மகளை இழந்தவர்கள். முதுமையில் அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருந்தவர்களாகவும் இருக்கலாம். முழுத்தொகையையும் நீங்களே கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நேரில் பேச முடியாத நிலை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்தை நாடுங்கள்.

உறவை எழுதிக் கொடுத்தால் தொல்லை வருமா என்று கேட்டீர்கள். குற்றவியல் ஆபத்து எதுவும் இல்லை. தன்பாலின உறவு குற்றமல்ல என்ற 2018 நவ்தேஜ் தீர்ப்போடு அது முடிந்தது. தமிழகக் காவல் துறையினரின் நடத்தை விதிகளிலேயே, பால்புதுமையினரை (தன்பாலினத்தவர், திருநர் உள்ளிட்டோரை) துன்புறுத்துவது 2022இல் ஒழுங்கீனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 முதல் பிறப்பித்துவந்த ஆணைகளின் பலன் அது. சமூகத் தொல்லையைப் பற்றி அப்படி உறுதி தர என்னால் முடியாது. வட்டாட்சியர் அலுவலகக் கோப்பு பல கைகளுக்குப் போகும். வீட்டு உரிமையாளர் காதுக்கும் எட்டலாம். அதை எண்ணித்தான் மனுவில் ‘ஒரே குடும்பமாக வாழ்ந்த, சார்ந்திருந்த இணையர்’ என்ற அளவோடு நிறுத்துங்கள் என்கிறேன். அந்தரங்கத்தை விவரித்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. விசாரணையில் அப்படிக் கேட்டால் பதில் சொல்ல மறுக்கலாம். உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் பயன்படுத்த அனுமதி கேட்கலாம். நான் குறிப்பிட்ட 2025 வழக்கிலும் மனுதாரர் அப்படித்தான் குறிக்கப்பட்டார்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவில், பெண் என்ற முறையிலும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையிலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவிக்கான தகுதியைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது மனுவின் முத்திரையிட்ட நகலையும், வடிகால் இருந்த இடத்தின் புகைப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த இடத்தை இதற்குள் மூடியிருப்பார்கள். பழைய படங்கள் அக்கம்பக்கத்தவர் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.